இரண்டு இருபத்தெட்டுகள்

வந்தாறுமூலை வீதியில் வயலிலிருந்து திரும்பும் மாசி ஃபெர்குசன் உழவு இயந்திரம் ஒன்றின் பின் டயரைக் கிட்ட நின்று வாசித்துப் பாருங்கள். 12.4-28 என்று பொறித்திருக்கக் காணலாம். அதற்கு வழிவிட்டு ஓரமாக வரும் பழைய பெரிய சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று இருக்கும். இரண்டிலும் 28. இரண்டும் அங்குலக் கணக்குத்தான். ஆனால் உழவு இயந்திரத்தின் சக்கரம் ஓர் ஆளின் நெஞ்சுயரம் நிற்கிறது. சைக்கிள் சக்கரமோ இடுப்பைக்கூட எட்டவில்லை.

எண்களில் பிழை இல்லை. சைக்கிள் டயரில் 28 என்பது வெளிவட்டத்தின் விட்டம். காற்று நிறைந்த டயரின் ஒரு புறத்திலிருந்து எதிர்ப்புறம் வரை 28 அங்குலம், அதாவது 711 மில்லிமீற்றர். உழவு இயந்திரத்தில் 28 என்பது உள்வட்டத்தின் விட்டம். டயர் போய் உட்காரும் இரும்பு றிம்தான் 28 அங்குலம். அதுவும் 711 மில்லிமீற்றர். அப்படியானால் அந்தச் சைக்கிளின் சக்கரம் முழுவதும், டயரோடு சேர்த்து, உழவு இயந்திர டயரின் நடு வெளிக்குள் சரியாக அடங்கிவிடும்! ஒரே எண், ஒரே நீளம். ஒன்று வெளியே அளந்தது, மற்றது உள்ளே அளந்தது.

டயரில் எழுதியிருக்கும் அளவுக்கும் டயரின் மெய்யான அளவுக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருந்துதான் விரிகிறது: அந்த எண் எந்த வட்டத்தைச் சொல்கிறது?

சைக்கிளிலேயே தொடங்குவோம். 28 × 1½ டயர் பூட்டிய றிம்மை அளந்தால் எங்கும் 28 அங்குலம் கிடைக்காது. டயர் உட்காரும் படியின் விட்டம் 635 மில்லிமீற்றர். அதை அங்குலமாக்கினால் மிகச் சரியாக 25. அந்த 25 அங்குல வட்டத்தின் மேலே ஒன்றரை அங்குல டயர், கீழே ஒன்றரை அங்குல டயர். கூட்டினால் 28. டயரில் எழுதியிருப்பது இந்தக் கணக்கின் விடை. விடையையும் டயரின் தடிப்பையும் எழுதிவிட்டு, றிம்மின் அளவை வாங்குபவரே கழித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஏன் வெளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்? 1870களின் சைக்கிள்களில் சங்கிலி கிடையாது. மிதிகட்டை நேரே முன் சக்கரத்தின் அச்சில் இருந்தது. கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. எனவே வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெருப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 52 அங்குல முன் சக்கரம் ஒரு மிதிக்கு 4 மீற்றருக்குச் சற்று மேலாக ஓடும். சக்கரத்தின் விட்டத்தைச் சொன்னாலே வண்டியின் திறன் முழுவதும் சொன்னதாகிவிடும். 1885இல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் சங்கிலியைப் பரவலாக்கிச் சக்கரங்களைச் சிறிதாக்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல், சக்கரம் 28 அங்குலம் என்றால் 44ஐ 18ஆல் வகுத்து 28ஆல் பெருக்கி, இந்தச் சைக்கிள் '68 அங்குலம்' என்பார்கள். 68 அங்குல உயரச் சக்கரத்தில் ஏறி மிதிப்பதற்குச் சமம் என்பது அதன் பொருள். இன்றும் சைக்கிள் ஓட்டப் போட்டிக்காரர்கள் சிலர் இந்தக் கணக்கைச் சொல்கிறார்கள்.

அந்தச் சைக்கிளில் வந்தாறுமூலையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு, ஏறக்குறைய 16 கிலோமீற்றர், போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் வெளிச் சுற்றளவு 2.23 மீற்றர். சக்கரம் ஏறத்தாழ 7,160 தடவை சுழலும். உங்கள் கால்கள் 2,930 சுற்று மிதிக்கும். இந்தக் கணக்குக்கு றிம்மின் அளவு தேவைப்படவே இல்லை. வெளிவட்டம் ஒன்றே போதும்.

அடுத்தது 26 அங்குலச் சக்கரம். உலகத்தையே குழப்பிய சக்கரம் இது. 26 என்று பெயர் போட்ட டயர்களுக்கான றிம்கள் முக்கியமாக ஐந்து விட்டங்களில் இருக்கின்றன: 597, 590, 584, 571, 559 மில்லிமீற்றர். ஒன்றுக்கு வாங்கிய டயர் மற்றதில் ஏறாது. முதல் பார்வைக்கு இது ஆளாளுக்குத் தோன்றியபடி செய்த வேலை போலத் தெரிகிறது. ஆனால் 28இல் செய்த கழித்தலை இங்கேயும் செய்து பாருங்கள். 26 × 1¼ என்ற டயரில், 26இலிருந்து இரண்டு தடவை 1¼ஐக் கழித்தால் 23½ அங்குலம், மில்லிமீற்றரில் 597. 26 × 1⅜இல் கழித்தால் 23¼, அது 590. 26 × 1½ என்றால் 23; அது 584. 26 × 1¾ என்றால் 22½, அது 571. 26 × 2 என்றால் 22, அது 559. ஐந்தும் பிசகாமல் விழுகின்றன.

முதல் தடவை இந்தக் கழித்தல் கைகூடும்போது வரும் மகிழ்ச்சி பெரிது. குழப்பம் என்று நினைத்தது ஓர் ஒழுங்கு. சக்கரத்தின் முழு உயரம் 26 அங்குலத்தில் நிற்க வேண்டும். சட்டகமும் முன் கவையும் அதற்கு ஏற்றபடியே செய்யப்பட்டவை. கரடுமுரடான பாதைக்குத் தடித்த டயர் போட வேண்டுமென்றால் றிம்மைச் சிறிதாக்கு. நல்ல பாதைக்கு மெல்லிய டயர் என்றால் றிம்மைப் பெரிதாக்கு. வெளியே ஒரே சக்கரம், உள்ளே ஐந்து விதம். பிரான்ஸ்காரர்களும் இதையே தங்கள் வழியில் செய்தார்கள். 700 மில்லிமீற்றர் வெளிவிட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தடிப்புக்கு ஏ, பி, சி என எழுத்துக் கொடுத்தார்கள். 700 சி என்பதில் சி தடித்த டயர். அதற்குரிய றிம் 622. இருபுறமும் 39 சேர்த்தால் 700.

ஒழுங்கு கலைந்தது அதற்குப் பிறகுதான். றிம் அப்படியே இருக்க, அதில் வேறு தடிப்புள்ள டயர்களைப் போடத் தொடங்கினார்கள். பெயர் மாறவில்லை, அளவு மாறிவிட்டது. இன்று பந்தயச் சைக்கிளில் 622 றிம்மில் 25 மில்லிமீற்றர் டயர் போடுகிறார்கள். வெளிவிட்டம் 672தான் வரும். டயரில் மட்டும் 700 என்று இருக்கும். 559 றிம்மில் 1.75 அங்குல டயர் போட்டால் வெளிவிட்டம் 25½ அங்குலம். டயரில் 26 என்று இருக்கும்.

இந்த இடத்தில் கணித ஆசிரியர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விதி பிறக்கிறது. 1.75உம் 1¾உம் பாடசாலையில் சமன். சைக்கிள் கடையில் சமன் அல்ல. 26 × 1.75 என்பது 559 றிம்முக்கான டயர். 26 × 1¾ என்பது 571 றிம்முக்கானது. தசமப் புள்ளி போட்டு எழுதும் வழக்கம் 1933இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் கொண்டு வந்த பருத்த டயர்களின் வழி வந்தது. அவற்றின் முதல் அளவு 26 × 2.125. அந்தக் குடும்பம் முழுவதும் 559 றிம்மில் உட்காரும். பின்னமாக எழுதியவை பழைய கழித்தல் கணக்கின் வாரிசுகள். ஆகவே எண்ணின் பெறுமதியைவிட அதை எழுதிய முறைதான் எந்த றிம் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இப்போதைய மலைச் சைக்கிள்களில் மிகப் பெரியது என்று பரவலாக விற்பது '29' அங்குலச் சக்கரம். அதன் றிம் 622. பழைய 700 சி றிம்மேதான், மேலே தடித்த டயர் போட்டதால் 29 ஆயிற்று. நமது ஊர்ப் பழைய 28 சைக்கிளின் றிம் 635. நேற்று வந்த 29ஐவிட, தாத்தா ஓட்டிய 28இன் றிம் 13 மில்லிமீற்றர் பெரியது.

இவ்வளவையும் ஒருவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அங்குல எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய எண் பொறித்திருக்கும்: 40-635, 37-590, 47-559 என்று. இது ஐஎஸ்ஓ 5775 என்ற சர்வதேச நியமம். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது றிம்மின் இருக்கை விட்டம், அதாவது டயரின் ஓரம் போய் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். கடைக்குப் போகும்போது கடைசி மூன்று இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அது பொருந்தினால் டயர் பொருந்தும். இந்த எண்ணைத்தான் டயரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 590க்கும் 584க்கும் வித்தியாசம் 6 மில்லிமீற்றர்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று. 590 டயர் 584 றிம்மில் சுலபமாக ஏறிவிடும். காற்றடிக்கும்போது அதன் ஓரம் றிம்மைத் தாண்டி வெளியே வர, உள்ளே இருக்கும் டியூப் பிதுங்கி வெடிக்கும்.

மூன்று மில்லிமீற்றருக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? ரப்பர் இழுபடும் பொருள்தானே? ரப்பர் இழுபடும், டயரின் ஓரம் இழுபடாது. அந்த ஓரத்தில் ரப்பருக்குள் மறைந்து ஓர் எஃகுக் கம்பி வளையமாக ஓடுகிறது. விளிம்புக்கம்பி என்று அதை அழைப்போம். சைக்கிள் டயரிலிருந்து பேருந்து டயர் வரை, முழு டயரையும் றிம்மோடு பிடித்து வைத்திருப்பது இதுதான். பசை இல்லை, ஆணி இல்லை. காற்று டயரை வெளியே தள்ளுகிறது. கம்பி நீள மறுக்கிறது. அந்த மறுப்பில் டயர் நிற்கிறது.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தபோது இந்தக் கம்பி இல்லை. சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியதால், ஒரு முள் குத்தினால் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. காற்று டயரின் எண்ணமும் அவருக்கு முன்பே இருந்தது. 1845இல் ரொபர்ட் வில்லியம் தொம்சன் அதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார். 1890இல் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர்தான் ஓரத்தில் கம்பி வைத்த டயரையும் நடுவில் பள்ளமுள்ள றிம்மையும் ஒன்றாகச் சிந்தித்தார்.

அந்தப் பள்ளத்தை நான் டயர் வரலாற்றின் மிக அழகான யோசனையாகக் கருதுகிறேன். றிம்மின் இரு மேல்விளிம்புகளும் விளிம்புக்கம்பியைவிடப் பெரிய வட்டம். பெரியதாக இல்லாவிட்டால் டயர் கழன்றுவிடும். அப்படியென்றால் நீளாத கம்பி அந்தப் பெரிய விளிம்பைத் தாண்டி எப்படி உள்ளே போகும்? கண்ணாடி வளையல் மணிக்கட்டுக்கு ஏறும் விதத்தை நினைத்துப் பாருங்கள். வளையல் விரியாது, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைச் சிறிதாக்கி, சரித்து ஏற்றுகிறோம். றிம்மின் நடுப்பள்ளம்தான் இங்கே மடக்கிய உள்ளங்கை. கம்பியின் ஒரு பக்கத்தைப் பள்ளத்துக்குள் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் அத்தனை மில்லிமீற்றர் தளர்வு கிடைக்கிறது. அந்தத் தளர்வில் கம்பி விளிம்பைத் தாண்டுகிறது. காற்றடித்ததும் இரு பக்கமும் பள்ளத்திலிருந்து மேலேறிப் படியில் உட்கார, திரும்ப வர வழியில்லை. டயர் மாற்றும்போது கடைசி ஒரு சாண் ஏறாமல் அடம்பிடித்தால் கரண்டியால் நெம்பத் தேவையில்லை. எதிர்ப்பக்கத்தை விரல்களால் பிதுக்கிப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

இருக்கை விட்டம் இப்படிக் கண்டிப்பானது என்றால், அகலம் நேர் எதிர். ஒரு டயருக்கு இதுதான் அகலம் என்று ஒன்று கிடையாது. ஒரு சைக்கிள் டயரைக் கழற்றி மட்டமாக விரித்து, ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிவரை அளந்தால் 100 மில்லிமீற்றர் வருகிறது என்போம். காற்றடித்தால் அது குழாயாக வளையும். குழாயின் சுற்றளவில் மிச்சப் பகுதியை றிம்மின் உள்ளகலம் நிரப்பும். றிம் 20 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 120, குழாயின் தடிப்பு 38. றிம் 25 என்றால் சுற்றளவு 125, தடிப்பு 40. அதே டயர், ஆனால் இரண்டு மில்லிமீற்றர் தடித்துவிட்டது. ஆகவே 40 என்று எழுதியிருப்பது, குறிப்பிட்ட ஒரு றிம்மில், குறிப்பிட்ட அளவு காற்றோடு, பாரம் ஏற்றாமல் அளந்த அகலம். அதோடு புது டயரின் இழைகள் சில நாட்களில் சற்று இழுபட்டும் கொடுக்கும்.

உழவு இயந்திர டயரிலேயே இதற்குச் சாட்சி பொறித்திருக்கிறது. சில டயர்களில் 12.4/11-28 என்று இரட்டை எண்ணைக் காணலாம். ஒரு காலத்தில் இந்த டயரின் பெயர் 11-28. அகலம் 11 அங்குலம் என்று பொருள். பிறகு றிம்களை அகலமாக்கினார்கள். டயர் விரிந்து 12.4 அங்குலமாயிற்று. பழைய பெயரைத் தேடி வருபவருக்காக இரண்டையும் எழுதி வைத்தார்கள். றிம் மாறினால் டயர் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

மோட்டார் வாகனங்கள் மட்டும் ஏன் உள்வட்டத்துக்கு மாறின? தொடக்கத்தில் அவையும் சைக்கிளைப் பின்பற்றியவைதான். ஃபோர்ட் மொடல் டி காரின் டயர் 30 × 3½. 30இலிருந்து ஏழைக் கழித்தால் 23 அங்குல றிம். அதே பழைய கணக்கு. 1920களின் நடுவில் காற்றுக் கொள்ளளவு கூடிய பருத்த டயர் வந்தபோது அதே கார் 4.40-21க்கு மாறியது. இப்போது 21 என்பது றிம். இரு தடவை 4.4ஐக் கூட்டினால் 29.8; சக்கரத்தின் உயரம் ஏறத்தாழ மாறவே இல்லை. டயரில் எழுதிய எண் மட்டும் வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது. நமது ஓட்டோவின் 4.00-8 இந்த வழி வந்ததுதான்: 4 அங்குல டயர், 8 அங்குல றிம், மொத்தம் சுமார் 16 அங்குலம்.

பேருந்துக்கு வருவோம். பழைய லேலண்ட் பேருந்துகளின் டயர்களில் 10.00-20 பரவலானது. ஓட்டோவுக்குச் செய்த கூட்டலைச் செய்தால் 40 அங்குலம், 1,016 மில்லிமீற்றர். அளந்து பார்த்தால் 1,050 மில்லிமீற்றர் அளவில் வருகிறது. அகலமும் பத்து அங்குலம் அல்ல, பதினொன்றுக்குக் கிட்ட. எழுதிய எண் பெயராக நின்றுவிட, டயர் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. மட்டக்களப்புக்குப் போகும் அந்த 16 கிலோமீற்றரில் ஓட்டோவின் சக்கரம் ஏறத்தாழ 12,500 தடவை சுழல, பேருந்தின் சக்கரம் 4,850 தடவையோடு முடித்துக்கொள்கிறது. சிறிய டயர் சீக்கிரம் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே தூரத்தில் அதன் ஒவ்வொரு துண்டும் இரண்டரை மடங்கு தடவை வீதியைத் தொடுகிறது.

டியூப் இல்லாத டயர்கள் பாரவண்டிகளுக்கு வந்தபோது 10.00-20இன் இடத்துக்கு வந்தது 11 ஆர் 22.5. றிம் இரண்டரை அங்குலம் கூடிவிட்டது. வெளிவிட்டமோ அதே 1,050 சொச்சம்! 26 அங்குலச் சைக்கிளில் பார்த்த அதே உத்தி: வண்டியின் உயரமும் பற்சக்கரக் கணக்கும் குலையாமல் உள்ளே மட்டும் மாற்றுவது. அந்த அரை அங்குலத்துக்கும் ஒரு பொருள் உண்டு. டியூப் இல்லாத பார டயரின் ஓரம் 15 பாகை சரிவுள்ள படியில் இறுகி உட்கார்ந்தால்தான் காற்று கசியாது. கார் றிம்களில் அந்தச் சரிவு 5 பாகை. இரண்டையும் ஒருவர் மாறிப் பூட்டிவிடாதபடி, 15 பாகை றிம்களுக்கு 17.5, 19.5, 22.5 என்று அரையில் முடியும் எண்களைக் கொடுத்தார்கள். எண்ணே ஒரு காவல்.

காவல் தேவைதான். 100 இறாத்தல் அழுத்தத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் காற்று ஏறக்குறைய 7 கிலோ நிறையால் தள்ளுகிறது. பேருந்து டயரின் ஒரு பக்கச் சுவருக்கு அதைக் கணக்கிட்டால் 40 தொன்னுக்கு மேல் வருகிறது. 16 அங்குல டயரை 16.5 அங்குல றிம்மில் ஏற்றிக் காற்றடித்தபோது விளிம்புக்கம்பி அறுந்து உயிர்கள் போயிருக்கின்றன. டயர்க் கடைகளில் பார டயரைக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதைக் கண்டால், அந்தக் கடைக்காரர் தொழில் தெரிந்தவர் என்று மதியுங்கள்.

கார் டயர் எழுத்து மூன்று உலகங்களின் கலவை. 185/65 ஆர் 15 என்பதில் 185 மில்லிமீற்றர், 65 சதவீதம், 15 அங்குலம். ஒரே வரியில் மூன்று அலகுகள். 185 குறுக்கு அகலம். 65 உயர விகிதம், அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 185இல் 65 வீதம் 120 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக 240. 15 அங்குல றிம் 381. கூட்டினால் 621. இந்தக் கலவையை ஒழிக்க மிஷலின் நிறுவனம் 1975இல் 390 மில்லிமீற்றர் போன்ற முழு மெட்ரிக் றிம்களைக் கொண்டு வந்து பார்த்தது. நிலைக்கவில்லை. உலகெங்கும் அங்குல றிம்கள் உருண்டுகொண்டிருந்தன.

விகிதம் சதவீதமாக இருப்பதில் ஒரு பொறி உண்டு. 185/65 ஆர் 15க்குப் பதிலாக 195/65 ஆர் 15 போட்டால் அகலம் மட்டும்தான் கூடும் என்று தோன்றும். 65 வீதம் என்பது இப்போது 195இன் 65 வீதம். எனவே உயரமும் கூடி வெளிவிட்டம் 634 ஆகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 61க்கு மேல் ஓடும். சில வான்களின் டயரில் 185 ஆர் 14 சி என்று, விகிதமே இல்லாமல் இருக்கும். விகிதம் என்ற ஒன்றை எழுதத் தேவைப்படாத காலத்தின் வழக்கம் அது. எல்லா டயரும் ஏறத்தாழ 80 வீதம் என்பது எழுதாமலே விளங்கியது.

அந்த 'ஆர்' எழுத்து ஆரைவழி டயர் என்பதைக் குறிக்கிறது. பழைய டயர்களில் உள்ளிழைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு ஓடும், அவற்றைத்தான் 4.00-8, 10.00-20 என்று நடுக்கோட்டால் எழுதுகிறோம். ஆரைவழி டயரில் இழைகள் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்கு நேராக ஓட, அவற்றுக்கு மேலே, வீதியைத் தொடும் ரப்பருக்கு அடியில், எஃகுப் பட்டியொன்று டயரைச் சுற்றி வளைத்திருக்கும். மிஷலின் 1946இல் காப்புரிமை எடுத்து 1949இல் விற்பனைக்கு விட்ட வடிவம் இது.

எஃகுப் பட்டி செய்யும் வேலையைப் பார்க்க, காரை ஒரு சுற்று உருட்டி அளப்போம். 621 மில்லிமீற்றர் விட்டத்தைப் பையால், 3.14ஆல், பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 1.95 மீற்றர் வர வேண்டும். வராது. வண்டியின் பாரத்தில் டயர் அடியில் தட்டையாகிறது. அச்சிலிருந்து வீதிக்குள்ள தூரம் குறைகிறது. அந்தக் குறைந்த உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் விடை சரியாக வருமா என்றால், அதுவும் வராது. மெய்யான தூரம் இரண்டுக்கும் இடையில் விழுகிறது. டயர்ப் பொறியியலாளர்கள் பையை விட்டுவிட்டு, ஆரைவழி டயருக்கு 3.05 என்ற எண்ணால் விட்டத்தைப் பெருக்குகிறார்கள். கிடைப்பது உருளல் சுற்றளவு, அதாவது ஒரு சுற்றில் வண்டி மெய்யாகக் கடக்கும் தூரம்: 1.90 மீற்றர்.

இந்த 3.05 எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் ஓர் அழகு தட்டுப்படும். அந்தச் சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 603 மில்லிமீற்றர். டயரின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் உள்ளே. புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீற்றர் ஆழம். அதற்கு அடியில் இருப்பது எஃகுப் பட்டி! பட்டி நீளாது, சுருங்காது. வட்டமாக இருந்தாலும் அடியில் தட்டையானாலும் அதன் நீளம் அதே நீளம். ஒரு சுற்றில் அந்தப் பட்டி முழுவதும் வீதியில் படிந்து எழ வேண்டும். ஆகவே தூரத்தைத் தீர்மானிப்பது வெளியே தெரியும் ரப்பரோ தாழ்ந்த அச்சோ அல்ல, கண்ணுக்குத் தெரியாத அந்த எஃகு வளையம். மட்டக்களப்புக்குப் போகும் பயணத்தில் பையை நம்பினால் ஏறத்தாழ 8,200 சுற்று. மெய்யாகச் சுழல்வது 8,440க்குக் கிட்ட. இழைகள் சாய்வாக ஓடும் பழைய டயருக்கு அத்தகைய பட்டி இல்லை. அதற்கான எண் 2.99, இன்னும் கொஞ்சம் குறைவு.

உங்கள் சைக்கிளிலும் இதைச் சோதிக்கலாம். முன் டயரில் ஒரு கோடு ஈரச் சுண்ணாம்பு பூசி, ஏறி உட்கார்ந்து, சீமெந்துத் தரையில் நேராக உருட்டுங்கள். இரு தடங்களுக்கிடையே அளந்தால் 28 அங்குலச் சக்கரத்துக்கு 2.23 மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மீண்டும் உருட்டினால் தடங்கள் இன்னும் நெருங்கும்.

தேய்வும் அளவை மாற்றுகிறது. 8 மில்லிமீற்றர் பள்ளம் 1.6க்குத் தேயும்போது கார் டயரின் விட்டம் கிட்டத்தட்ட 13 மில்லிமீற்றர் குறைந்துவிடும். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வார்த்திருப்பது இந்த 1.6ஐக் காட்டத்தான், டயரின் மேற்பரப்பு அவற்றோடு சமமானால் டயர் முடிந்தது.

இத்தனை சிறிய மாற்றங்களையும் இப்போது வண்டியே எண்ணிக்கொள்கிறது. பல கார்களில் டயருக்குள் காற்று அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு டயரில் காற்று இறங்கினால் முன்பலகையில் விளக்கு எரிகிறது. தடை பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் இருப்பதற்காக நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் எண்ணும் உணரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. காற்று குறைந்த டயரின் உருளல் சுற்றளவு மிகச் சிறிதளவு குறையும். பட்டி அதிகம் விட்டுக் கொடுக்காததால், கண்ணுக்குத் தெரியும் சப்பையைவிட இந்தக் குறைவு எவ்வளவோ சிறியது. அதே தூரத்துக்கு அந்தச் சக்கரம் மற்ற மூன்றையும்விடச் சில சுற்றுக் கூடுதலாகச் சுழலும். மட்டக்களப்பை அடைவதற்குள் கணினி அந்த வித்தியாசத்தைக் கவனித்துவிடும். புது டயர் பூட்டினாலோ காற்றைச் சரிசெய்தாலோ அந்தக் கணினிக்கு ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்; அன்றைய அளவையே சரியான அளவாக எடுத்துக்கொண்டு அது மீண்டும் எண்ணத் தொடங்கும்.